ஒரு நாளுக்கு ஒரு கரை போதும்

கடலோரப் பகுதிக்குக் குடும்பத்தோடு போவதென்றால் முதல் வேலையாகப் பட்டியல் போட்டுவிடுகிறோம். கலங்கரை விளக்கம், குன்று முனை, பழைய கோட்டை, இரண்டு கடற்கரை, படகு சவாரி, கடைசியில் சூரிய அஸ்தமனம். எல்லாம் ஒரே நாளில். மூன்று வருடம் நாங்களும் அப்படித்தான் சுற்றினோம். இந்தத் தடவை காலையிலிருந்து இருட்டும் வரை ஒரே கரையில் இருந்தோம். இனி பழைய முறைக்குப் போக எனக்கு மனமே இல்லை.

பட்டியல் போட்டு ஓடும் நாளில் யார் எதைப் பார்க்கிறார்கள்? வண்டி ஓட்டுகிறவர் வளைவுகளைத்தான் பார்க்கிறார். பிள்ளைக்கு அதே வளைவுகளில் குமட்டல். முழங்கால் வலியோடு வந்த அம்மா ஒவ்வொரு இடத்திலும் படிகளைப் பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலயே இருக்கேன்" என்பார். கடல் பார்க்கக் கூட்டிப்போய் அவரை நாள் முழுக்கக் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறோம். அதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

மலையையும் கோட்டையையும் நாம்தான் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், இடம் தானாக மாறும். பெரும்பாலான கரைகளில் கடல் ஏறி முடித்ததிலிருந்து வற்றி முடிக்க ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம் ஆகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இந்த வித்தியாசம் 16 மீட்டர் வரை போகிறது. சில மூடிய கடல்களில் கண்ணுக்கே தெரியாது. அதனால் போகுமுன் அந்தக் கரையின் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறும், வற்றும் நேரங்களின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் போய் இறங்கியபோது அலை மட்டும்தான் இருந்தது. மதியத்துக்குள் கரும்பாறைகள் வெளியே வந்து, அவற்றின் குழிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. என் மகள் ஒரே குழியின் முன்னால் ஒரு மணி நேரம் குந்தியிருந்தாள். சங்கைச் சுமந்து போகும் துறவி நண்டு, நிழல் பட்டதும் ஓடி ஒளியும் சின்ன மீன்கள். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் மணலில் சிற்றில் என்னும் விளையாட்டு வீடு கட்டுவார்கள், அலவனைத் துரத்தி விளையாடுவார்கள். அலவன் என்றால் நண்டு. யாரும் சொல்லித் தராமலே இவளும் அதையேதான் செய்தாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன்: காலிச் சங்கு எதையும் பையில் போடக் கூடாது. துறவி நண்டு வளர வளரப் பெரிய சங்கு தேடிக் குடி மாறும். நாம் எடுத்து வருவது அதன் அடுத்த வீடு. கல்லைப் புரட்டிப் பார்த்தால் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் ஒட்டியிருக்கும் உயிர்கள் வெயிலில் காய்ந்து செத்துவிடும்.

அம்மாவுக்காகத்தான் அந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தோம். படியே இல்லை, நிழல் உண்டு, கழிப்பறை பக்கத்திலேயே. குடும்பத்தோடு போகிறவர்கள் காட்சியின் அழகைவிட இந்த மூன்றையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பேன். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். சூடான காற்று மேலே போக, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மதியத்துக்கு மேல் அந்தக் காற்று வீசத் தொடங்கியதும் அம்மா நாற்காலியைத் தண்ணீருக்கு இன்னும் பக்கத்தில் போடச் சொன்னார்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கடலோரம் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இருபுறமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். பல சமயம் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அங்கேதான் இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து வெளியே வர வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். பாறை முனையைச் சுற்றி நடக்கப் போனால், கடல் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். வந்த வழி தண்ணீருக்குள் போய்விடும்.

"அவ்வளவு தூரம் போய் ஒரே இடம்தானா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். சாயங்காலம் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். மணலில் நிற்கும்போது, கண் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும் குழந்தைக்குத் தொடுவானம் சுமார் 3.6 கிலோமீட்டரில் முடிந்துவிடும். தோளில் ஏறினால் 5 கிலோமீட்டருக்கும் மேல். "அப்பா, அங்க ஒரு கப்பல்" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. "நாளைக்கு எத்தனை மணிக்குப்பா தண்ணி வத்தும்?" என்று கேட்டாள். இன்றைக்கு வற்றியதைவிட ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி என்றேன். நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்வதற்குள் அம்மா, "அப்போ அதைப் பார்த்துட்டே போலாம்" என்றார்.