"அப்புறம் சொல்றேன்"

பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். கேட்டேன் என்றால், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு இரண்டு காதிலும் கருவி.

எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம். ஆசிரியர் கரும்பலகையில் 'ஒளிச்சிதறல்' என்று எழுதிக்கொண்டே என்னமோ சொன்னார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் கையிலிருந்த சாக்பீஸ்கூட நழுவி விழுந்தது. பக்கத்தில் இருந்தவனைத் தட்டி "என்னடா?" என்றேன். "அப்புறம் சொல்றேன்டா." அந்த அப்புறம் வரவே இல்லை. கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டு, எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கப் பழகினேன். ஒரு நொடி தாமதமாக.

"அதான் கருவி இருக்கே?" என்பார்கள். அது மூக்குக்கண்ணாடி மாதிரி இல்லை. பக்கத்தில் பேசுகிறவர் குரலோடு பெஞ்சு இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். உதட்டை நம்பினால் 'பாலை'யும் 'மாலை'யும் ஒன்றுதான். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பினால் அதுவும் போச்சு. பாடத்தையாவது புத்தகத்தில் பிடித்துவிடலாம். நட்பு உண்டாவது இடைவேளைக் கூச்சலில். எனக்கு ஒன்றுமே பிடிபடாத இடமும் அதுதான்.

இதைப் படித்துவிட்டு "காது கேளாதோருக்கான தனிப்பள்ளியில் சேர்த்திருக்கலாமே" என்று யாரும் வராதீர்கள். எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று 1994ல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் உலக மாநாடு கூடிப் பேசினார்கள், 2006ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு அதை உரிமையாகவே எழுதியது. நான் அந்தக் கட்சிதான். என் சண்டை, சேர்த்துவிட்டோம், வேலை முடிந்தது என்ற நினைப்போடு.

குழந்தை தன்னை அளப்பது பக்கத்து பெஞ்சை வைத்துத்தான். 1980களில் ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் காட்டியது இது: அதே திறமையுள்ள பிள்ளை, கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில் தன்னைக் குறைவாகவே மதிப்பிடும். இதில் வேடிக்கை, நான் கணக்கில் முதல் ஆள். படிப்பில் என்னைப் பற்றி நல்ல எண்ணம்தான். "உனக்கு யார் ஃப்ரெண்டு?" என்று யாராவது கேட்டால்தான் தலை குனியும். தன்மதிப்பு ஒரே பாத்திரத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் இல்லை போல.

யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. எல்லாரும் நல்லவர்கள். பையைத் தூக்கினார்கள், நோட்டைக் கொடுத்தார்கள். "இவனுக்கு உதவி செய்தவர்கள்" என்று நாலு பேரை மேடையேற்றிக் கைதட்டவும் செய்தார்கள். நான் கீழே உட்கார்ந்து அவர்களுக்குக் கைதட்டினேன். (இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.) கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே எழுதிவிட்டார்: வேறுபட்டவர்கள் பழகினால் முன்முடிவு குறையும்தான், ஆனால் சமநிலையில், ஒரே குறிக்கோளுக்காகச் சேர்ந்து உழைக்கும்போது. கொடுப்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன் என்றானால் அது என்ன சமநிலை?

உதவிக்கு ஆள் போட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1997ல் மைக்கேல் ஜியான்கிரேக்கோ என்ற கல்வி ஆய்வாளரும் சகாக்களும் அமெரிக்க வகுப்பறைகளில் பார்த்தது: உதவியாளர் எந்நேரமும் மாற்றுத்திறனாளிக் குழந்தையோடு ஒட்டிக்கொண்டே இருப்பதால் மற்றப் பிள்ளைகள் அந்தக் குழந்தையோடு பழகுவது தடைபடுகிறது. பின்னே? டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து யார் ரகசியம் பேசுவார்கள்?

எனக்கு வாய்த்த ஒரே நண்பன், உதவி செய்ய வந்தவன் இல்லை. என் கணக்கைப் பார்த்து எழுத வந்தவன். தினமும் தேவை என்பதால் தினமும் என் முகம் பார்த்துப் பேசினான். ஒருநாள் நான் நோட்டைத் தர மறுத்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினான். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அவ்வளவு சந்தோஷம்.

போன மாதம் பழைய வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். எழுத்தில் எல்லா ஜோக்கும் எல்லாருக்கும் வருகிற அதே நேரத்தில் எனக்கும் வருகிறது. சரி, கேட்டுவிடலாம் என்று, "அந்த ஒளிச்சிதறல் பாடத்தன்றைக்கு எதற்குடா சிரித்தீர்கள்?" என்று போட்டேன்.

ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்லை.