லிங்கன் கதையைவிட சார்லியின் கதை முக்கியம்

அடிமை முறையை எதிர்த்து 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் 'பெரிய போரைத் தொடங்கிவைத்த சின்னப் பெண்மணி' என்று, அமெரிக்க உள்நாட்டுப் போரை மனதில் வைத்து, அதிபர் லிங்கன் அவரிடம் சொன்னதாக வரும் கதைக்கு இவ்வளவு இடம் தந்திருக்க வேண்டாம். லிங்கன் இறந்து பல வருடம் கழித்துத்தான் அது அச்சில் வந்தது. 1849இல் சின்சினாட்டி நகரில் காலராவுக்குப் பலியான ஸ்டோவின் ஒன்றரை வயது மகன் சார்லியைப் பற்றி எழுதியிருக்கலாமே! பிள்ளையைப் பறிகொடுக்கும் அடிமைத் தாயின் வேதனை அந்தக் குழந்தையின் படுக்கையருகில்தான் புரிந்தது என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1851இல் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' தொடர்கதை ஆரம்பம். அப்புறம், எல்லாம் கட்டுக்கதை என்று அடிமை முறை இருந்த தென் மாநிலத்தார் தூற்றியபோது, 1853இல் ஆதாரங்களைத் திரட்டி 'எ கீ டு அங்கிள் டாம்ஸ் கேபின்' என்று தனிப் புத்தகமே போட்டார். ஓடிப்போன அடிமைகளைத் தேடும் பத்திரிகை விளம்பரங்கள்கூட அதில் உண்டு. நாவலைப் படித்தவர்கள் அதையும் அவசியம் தேடிப் படியுங்கள்.