பிள்ளைகளோடு மலை இறங்குவதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும்

உச்சியில் புனிதப் பாதச்சுவடு உள்ள, இலங்கை மலையகத்தின் சிவனொளிபாதமலைக்குக் குடும்பமாகப் போகவிருப்பவர்கள் இணையத்தில் ஆலோசனை கேட்கும்போதெல்லாம், நள்ளிரவில் ஏறத் தொடங்கினால் சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டுக் காலை பத்து மணிக்குள் கீழே வந்துவிடலாம் என்றே பலரும் பதில் எழுதுகிறார்கள். பெரியவர்களுக்கு அந்தக் கணக்குச் சரிவரும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு போகிறவர்கள் இறக்கத்துக்கு வேண்டிய நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, அதன் பிறகே எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குவது என்று தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. இதை ஒரு பிழை செய்து கற்றுக்கொண்டவள் என்ற உரிமையோடு எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் திருகோணமலையிலிருந்து ஒரு குழுவோடு வான் வண்டியில் போனோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. ஹபரணை, தம்புள்ளை, கண்டி, ஹற்றன், மஸ்கெலியா என்று பகல் முழுவதும் பயணம் செய்து, மலையடிவாரத்திலுள்ள நல்லதண்ணியில் இரண்டு மணி நேரம் மட்டும் கண்ணயர்ந்துவிட்டு நள்ளிரவில் ஏறினோம். ஏறும்போது பிள்ளை ஒரு சொல்லும் முறையிடவில்லை. பத்து மணிக்கு வான் புறப்பட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுத்தியதால் இறங்கும்போது அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அவளுடைய முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின. கீழே வந்து சப்பாத்தைக் கழற்றியபோது இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்திருந்தன. சப்பாத்து அளவானதுதான்; ஆனால் நாடாவை இறுக்கிக் கட்டாததால், ஒவ்வொரு படியிலும் பாதம் முன்னால் வழுகி, விரல்கள் சப்பாத்தின் நுனியில் இடித்திருக்கின்றன. அந்த நகங்கள் விழுந்து புதிதாக முளைக்கும் வரை ஒவ்வொரு நாளும் அவளுடைய காலைக் கழுவித் துடைத்தது நான்தான்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும். நின்றால் சற்று நேரத்தில் ஆறிவிடும். இறக்கத்தில் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. சாதாரண நடையில் அந்த வேலை அதற்குப் பழக்கமில்லாததால், தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஓரிரு நாள் கழித்து நோவு உச்சத்துக்கு வருகிறது. பிள்ளைகளுக்கோ படியின் உயரமும் சேர்ந்துகொள்கிறது. நல்லதண்ணிப் பாதையில் 5,000க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன; அவை ஒரே உயரத்தில் இல்லை. 20 சென்ரிமீற்றர் உயரமான ஒரு படி, 105 சென்ரிமீற்றர் உயரமுள்ள என் மகனுக்கு எப்படி இருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள நான் 30 சென்ரிமீற்றர்ப் படிகளில் இறங்குவதற்கு அது சமம். அப்படிப்பட்ட படிகளில் ஏறத்தாழ 1,000 மீற்றர் கீழிறங்கச் சொன்னால் நான் என்ன பாடு படுவேன்!

இந்த வருடம் மாசியில், போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளும் நீண்ட விடுமுறையும் இல்லாத ஒரு கிழமை நாளில், மகளையும் ஐந்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு மீண்டும் போனோம். அதற்கு முந்திய ஒரு மாதமும், ஒவ்வொரு ஞாயிறும் திருகோணமலைக் கோட்டை வாசலிலிருந்து மான்களைப் பார்த்துக்கொண்டே கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கினோம். நல்லதண்ணியில் இரவு நன்றாக உறங்கி, காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். உதயத்தைத் தவறவிடுகிறீர்களே என்று உறவினர்கள் வருந்தினார்கள். கடலிலிருந்து சூரியன் எழுவதை எங்கள் பிள்ளைகள் உப்புவெளியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்திராதது மலையைத்தான். பத்தரைக்கு உச்சியை அடைந்தோம். 2,243 மீற்றர் உயரத்தில் வெப்பம் எங்கள் ஊரைவிட ஏறத்தாழ 14 பாகை குறைந்திருக்கும் என்பதால் இருவருக்கும் குளிர்ச்சட்டையும் காது மூடும் தொப்பியும் கொண்டு போயிருந்தோம். பாதத்தை வணங்கி, மணியடித்து, பதினொரு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். வானை மாலை ஆறரைக்குத்தான் வரச் சொல்லியிருந்தோம்.

உச்சிக்கு அண்மையிலுள்ள செங்குத்தான படிகளில் மகள் தயங்கி நின்றாள். அங்கிருந்து சற்றுக் கீழே தேநீர்க் கடை வைத்திருந்த ஒரு மலையகப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "நேரா எறங்காத பாப்பா, ஒடம்ப பக்கவாட்டுல திருப்பி எறங்கு" என்றார். "நண்டு மாதிரியா அன்ரி?" என்று கேட்ட மகள் உடனே பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு காலை வைத்து மறுகாலை அதனோடு சேர்த்து, அடுத்த படிக்கு இறங்கினாள். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஐம்பது படிக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றச் சொன்னேன். மகனுக்கு முன்னால் கணவர் எப்போதும் ஒரு படி கீழே நின்றார். பிள்ளை தடுக்கினால் தாங்கக்கூடிய இடம் அதுதான். மேலே நின்று கையைப் பிடித்தால் தோள்தான் இழுபடும், விழுவது நிற்காது. முதல்முறை அதைத்தான் நான் செய்திருந்தேன். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கும் தந்தையரை அன்றும் கண்டேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் கால் ஒருமுறை வழுகினால் இருவரும் சேர்ந்தே விழுவீர்கள்.

ஏறும்போது கண்ணுக்கு முன்னால் படிதான் இருக்கிறது, இறங்கும்போது நாடே விரிகிறது. மவுசாகலை நீர்த்தேக்கம் தேயிலை மலைகளுக்கு நடுவே பளபளத்ததையும், பாதையோரத்து மரமொன்றில் சிவந்த மலர்க்கொத்துகள் தொங்கியதையும் பிள்ளைகள்தான் முதலில் கண்டு எங்களுக்குக் காட்டினார்கள். எதிரே ஏறிவந்த ஒரு சிங்களப் பாட்டி "கருணாவாய்" என்று வாழ்த்தி வழிவிட்டார். அதன் பிறகு எதிர்ப்பட்ட எல்லோருக்கும் மகன் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தோம், கச்சானும் பிஸ்கட்டும் கொடுத்தோம், கால் நடுக்கம் நின்ற பிறகே எழுந்தோம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. செங்குத்தான இடங்களில் இருக்கும் இரும்புக் கைபிடிகள் பெரியவர்களின் உயரத்துக்கானவை. என் மகன் கையை உயர்த்தித் தொங்கியபடிதான் அவற்றைப் பிடிக்க முடிந்தது. அதே தூண்களில், தரையிலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்தில் இன்னொரு குழாயைப் பொருத்தினால் போதும். பாதையைப் பராமரிப்பவர்கள் அடுத்த யாத்திரைப் பருவம் டிசம்பர்ப் போயாவோடு தொடங்குவதற்குள் இதைச் செய்ய வேண்டும் என்று மிகுந்த அக்கறையோடு கேட்கிறேன்.

நான்கரை மணியளவில் பாதையோரத்து நீரோடையான சீதகங்குலையை அடைந்தோம். சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு நால்வரும் அந்தக் குளிர்ந்த நீரில் காலை நனைத்தோம். மகளின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு நகமும் கறுத்திருக்கவில்லை.