அந்த 15 விநாடியைத் தொடாதீர்கள்

கிளீவ்லாந்துக்குக் குடிவந்த முதல் வருடம் அமெரிக்கன் ஃபுட்பால் எனக்குப் பிடிபடவே இல்லை. ஆள்மேல் ஆள் விழுகிறார்கள், எழுகிறார்கள், கூடிக் கூடிப் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் விரலை வைத்துக் காட்டினார். "அந்த ஹெல்மெட்டுக்குப் பின்னால் பச்சைப் பொட்டு தெரிகிறதா? அவன் காதில் இப்போது கோச் பேசிக்கொண்டிருக்கிறார்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தால் ஆடுகிறவன் யார்? 1999 கிரிக்கெட் உலகக்கோப்பையில் இந்தியாவுக்கு எதிராக ஹோவ் மைதானத்தில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோனியே காதில் கருவி மாட்டிக்கொண்டு, வெளியே இருந்த கோச் பாப் வூல்மரிடம் யோசனை கேட்டது ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் இடைவேளையில் அதைக் கழற்ற வைத்தார்கள். அன்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஹெல்மெட் ரேடியோவையும் அதே கண்ணோடுதான் பார்த்தேன்.

இன்று அப்படி நினைக்கவில்லை. என் மனதை மாற்றியது ஒரே ஒரு விதி.

இங்கே ஒரு போட்டி என்பது பல சின்னச் சின்ன ஆட்டங்கள்; பந்தோடு ஒரு முயற்சிதான் ஒரு ஆட்டம். ஒரு ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஆட்டத்தைத் தொடங்க 40 விநாடி ஓடும். அதில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது ரேடியோ அணைந்துவிடும். அதாவது கோச்சுக்கு அதிகபட்சம் 25 விநாடிதான். காதில் கேட்பவர் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கித் தாக்கும் அணியை நடத்தும் வீரர். அவர் திருப்பிப் பேசவும் முடியாது. கேட்கலாம், அவ்வளவுதான். பிறகு எதிரில் நிற்கும் 11 பேரைப் பார்த்து, சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஆடுவதா மாற்றுவதா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

இந்த ரேடியோ பிறந்ததே எங்கள் ஊர் அணியில்தான். 1956இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் கோச் பால் பிரவுனிடம் ஒஹாயோக்காரர்களான ஜான் கேம்ப்பெல், ஜார்ஜ் சார்ல்ஸ் என்ற இருவர் ஒரு சின்ன ரிசீவரைக் கொண்டுவந்தார்கள். அதை ஜார்ஜ் ராட்டர்மன் என்ற குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் பொருத்தினார்கள். அதற்கு முன்பே பிரவுன் ஒவ்வொரு ஆட்டத்தையும் தானே சொல்லி அனுப்பும் ஆள். இரண்டு வீரர்களை மாற்றி மாற்றி உள்ளே ஓடவிட்டு, அவர்கள் வாய்வழியாகத் தகவல் போகும். பின்னாளில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் பெரிய கோச்சாக ஆன சக் நோல் அப்படித் தூது ஓடியவர்தான். அந்த ஓட்டத்தை மிச்சப்படுத்தத்தான் ரேடியோ. ஆனால் அலை எல்லாருக்கும் பொது அல்லவா? நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியும் ஒரு ரிசீவரை வைத்து ஒட்டுக்கேட்டது. அக்டோபரிலேயே லீக் கமிஷனர் பெர்ட் பெல் தடை போட்டார். 1994இல்தான் என்எஃப்எல் என்ற அந்தத் தொழில்முறை லீக் மறுபடி அனுமதித்தது. நடுவில் 38 வருடம்!

அந்த 38 வருடமும் கோச்கள் சும்மாவா இருந்தார்கள்? கையசைத்தார்கள், தொப்பியைத் தொட்டார்கள், மூக்கைச் சொறிந்தார்கள். அதைப் படித்துத் திருடுவதற்கென்றே எதிரணியில் ஆட்கள் இருந்தார்கள். தாக்கும் அணிக்கு ரேடியோ வந்த பிறகும் தடுக்கும் அணிக்குக் கைச்சைகைதான். 2007இல் நியூயார்க் ஜெட்ஸின் சைகைகளை வீடியோ எடுத்து நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் பிடிபட்டது. கோச் பில் பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம். அடுத்த வருடமே தடுக்கும் அணியிலும் ஒருவருக்கு ரேடியோ கிடைத்தது. கல்லூரி ஆட்டம் இதிலிருந்து பாடம் படிக்கவில்லை. 2023இல் மிச்சிகன் பல்கலைக்கழக அணிமேல் சைகைத் திருட்டுப் புகார் வெடித்த பிறகு, 2024இல்தான் மேல்மட்டக் கல்லூரி அணிகளுக்கு ஹெல்மெட் ரேடியோ வந்தது. முன்பே கொடுத்திருந்தால் அத்தனை அசிங்கம் தேவைப்பட்டிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். நல்லவேளை, அங்கும் அதே 15 விநாடி விதியை வைத்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் நெருக்கமான கதை கேலடெட்டுடையது. வாஷிங்டனில் உள்ள காது கேளாதோருக்கான பல்கலைக்கழகம் அது. வீரர்கள் வட்டமாகக் குனிந்து கூடிப் பேசும் 'ஹடில்' 1890களில் அங்கேதான் தொடங்கியது என்பார்கள். பால் ஹப்பர்ட் என்ற குவார்ட்டர்பேக், எதிரணியும் சைகை மொழி தெரிந்த அணியாக இருந்தபோது, தன் கைகளை மறைக்க ஆட்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டார். இன்று உலகமே பார்க்கும் ஒரு வழக்கத்தைத் தந்தவர்கள் அவர்கள். ஆனால் ஹெல்மெட்டுக்குள் குரல் வந்தபோது அவர்களுக்கு அதில் இடமே இல்லை. 2023 அக்டோபரில் ஒரே ஒரு போட்டிக்கு, கோச் டேப்லெட்டில் தேர்ந்தெடுத்த ஆட்டம் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்னக் கண்ணாடித் திரையில் எழுத்தாகத் தெரியும் கருவியை அவர்கள் போட்டு ஆடினார்கள். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கருவி கூடாது என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்த என் பேச்சு அன்றோடு முடிந்தது.

கருவி வரட்டும். நேரம் மட்டும் நீளக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த எல்லையை ஒட்டியே நின்று விளையாடக் கெட்டிக்காரர்களுக்குத் தெரியும். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் கோச் ஷான் மெக்வே தன் வீரர்களைச் சீக்கிரமே வரிசையில் நிறுத்திவிடுவார். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, ரேடியோ அணைவதற்குள் அன்றைய குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபின் காதில் சொல்லிவிடுவார். விதிக்கு உட்பட்டதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2019 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியில் பேட்ரியாட்ஸ் என்ன செய்தது? ரேடியோ அணையும் வரை ஒரு மாதிரி நின்று, அணைந்த பிறகு வேறு மாதிரி மாறியது. குரல் போய்விட்டது, கேள்வி மாறிவிட்டது. ராம்ஸ் அன்று எடுத்தது மொத்தம் 3 புள்ளி. 13-3 என்று தோற்றார்கள். 15 என்பது 5 ஆகியிருந்தால் அந்தச் சதுரங்கமே நடந்திருக்காது. இரண்டு கோச்கள் 22 பேரைக் காய்களாக நகர்த்தியிருப்பார்கள்.

போன வாரமும் பெரியவர் வீட்டில்தான் ஆட்டம் பார்த்தோம். மைதானத்தில் காது பிளக்கும் சத்தம். குவார்ட்டர்பேக் இரண்டு கையாலும் ஹெல்மெட்டின் காது ஓட்டைகளைப் பொத்திக்கொண்டு குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடிகாரம் 15க்கு வந்தது. கைகளை எடுத்தார். எதிர்வரிசையை இடமிருந்து வலம் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்து ஏதோ கத்தினார், இரண்டு பேர் இடம் மாறினார்கள். பெரியவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார், நானும்தான்.