தேங்க்ஸ்கிவிங்கை விடாதீர்கள், கிறிஸ்துமஸை விட்டுவிடுங்கள்

குடும்பத்தோடு வான்கோழி விருந்து உண்டு நன்றி சொல்லும் அமெரிக்கப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் வருகிறது என்று, நவம்பர் பிறந்தாலே இத்தாலியில் குடியிருக்கும் அமெரிக்கர்களிடையே ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. முழு வான்கோழி எங்கே கிடைக்கும், கிரான்பெர்ரிக்கு என்ன மாற்று, டின்னில் வரும் பூசணி விழுது யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா என்று தொடங்கும் விசாரிப்புகள் அதோடு ஓய்வதில்லை. டிசம்பரில் அமெரிக்கக் கிறிஸ்துமஸை அப்படியே இங்கே இறக்கிவைக்கும் முயற்சியாக அவை நீண்டுவிடுகின்றன. நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்து, திருமணத்துக்குப் பின் வட இத்தாலிய நகரமான பொலோஞ்ஞாவில் குடியேறியவள் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: தேங்க்ஸ்கிவிங்கை என்ன பாடுபட்டாவது நடத்துங்கள்; கிறிஸ்துமஸை இத்தாலியர்கள் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

நவம்பரின் நான்காம் வியாழன் இங்கே வெறும் வியாழன்தான். பள்ளியும் உண்டு, அலுவலகமும் உண்டு. ஆகவே எங்களில் பலர் விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கிறோம். இது மரபை மீறுவதாகும் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1863-இல் லிங்கன் அறிவித்தபடி நவம்பரின் கடைசி வியாழனில் வந்துகொண்டிருந்த இந்த நாளை, 1939-இல் ரூஸ்வெல்ட் கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கூடுதல் நாள்கள் கிடைக்கட்டும் என்பதற்காக ஒரு வாரம் முன்னுக்கு இழுத்தார். சில மாநிலங்கள் அவருடன் சென்றன, சில மறுத்துவிட்டன, கடைசியில் 1941-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித்தான் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. வணிகர்களுக்காக ஒரு குடியரசுத் தலைவர் தேதியை மாற்றலாம் என்றால், மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தைகளுக்காக நாம் மாற்றுவதில் குற்றம் ஒன்றுமில்லை.

வான்கோழிதான் பெரிய பாடு. இத்தாலியர்கள் வான்கோழி உண்ணாதவர்கள் அல்லர். ஆனால் அவர்களுக்கு அது மெல்லிய துண்டுகளாக வெட்டி, வாரநாள் இரவுச் சமையலுக்கு வாங்கிப் போகும் எளிய இறைச்சி. முழுப் பறவை வேண்டும் என்றால் இறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எங்கள் தெருக் கடைக்காரர் ஒவ்வோர் ஆண்டும், முதன்முறை கேட்பவரைப் போலவே, "முழுசாகவா, சின்யோரா? எத்தனை பேருக்கு?" என்பார். பிறகு, எலும்பை எடுத்துவிட்டுச் சுருட்டிக் கட்டித் தரட்டுமா என்று இரக்கத்துடன் விசாரிப்பார். நான் மறுத்ததும், பெட்டை வான்கோழியாகச் சிறியதைப் பார்த்து எடுத்து வைப்பதாகச் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இங்குள்ள ஓவன் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகல அலமாரிக்குள் பொருத்தப்பட்டது. அமெரிக்க அளவுப் பறவையை உள்ளே திணித்தால் கதவு மூடாது. அசல் செய்முறை கெட்டுவிடுமே என்ற கவலை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. என் அம்மா நியூ ஜெர்சியில் இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைத்து வான்கோழித் தோலுக்கடியில் தடவியவர். அதுவும் அசல் தேங்க்ஸ்கிவிங்தான்.

இத்தாலிய விருந்தினர்களை வியப்பில் ஆழ்த்துவது வான்கோழி அல்ல, எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதுதான். ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறப்பட்டுப் பழகிய என் நாத்தனார், உருளைக்கிழங்கு மசியலும் இனிப்பான கிரான்பெர்ரியும் ஒன்றையொன்று தொடுவதைக் கண்டதும், முள்கரண்டியால் இரண்டுக்கும் நடுவே மெல்ல ஒரு கரை எழுப்புவார். ஆனாலும் அவர் அழைப்புக்காக அக்டோபரிலேயே காத்திருப்பார்.

விருந்து வராத ஊருக்கு அதன் மறுநாள் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வரும் தள்ளுபடி விற்பனையான பிளாக் ஃபிரைடே என்ற பெயர் எழுதாத கடைக் கண்ணாடியை நவம்பர் இறுதியில் இங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குளிர்காலத் தள்ளுபடி விற்பனை புத்தாண்டுக்குப் பிறகே தொடங்க வேண்டும், அதன் தேதியை மண்டல அரசு முடிவு செய்ய வேண்டும் என்று ஒழுங்கு வைத்திருக்கும் நாடு இது. 2017-ஆம் ஆண்டு பிளாக் ஃபிரைடே அன்று பியாச்சென்சா அருகிலுள்ள அமேசான் கிடங்கில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அமெரிக்கப் பண்டிகையைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றியது. அமெரிக்கா வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தது விற்பனையை மட்டும்தான். சாப்பாட்டு மேசையைக் கொண்டுவர வேண்டியவர்கள் நாம்.

கிறிஸ்துமஸ் விஷயம் வேறு. அதில் இத்தாலியர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. அவர்களுடைய பண்டிகைக் காலம் டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாளில் தொடங்கி, ஜனவரி 6, ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழாவில்தான் முடிகிறது. எட்டாம் தேதி விடுமுறை நாள்; அன்றுதான் வீடுகளில் மரமும் குடிலும் வைக்கிறார்கள். ரோமில் தீயணைப்பு வீரர்கள் ஏணியில் ஏறி, ஸ்பெயின் சதுக்கத்துத் தூணின் உச்சியில் நிற்கும் மாதாவுக்கு மலர் வளையம் சூட்டுகிறார்கள். பெர்கமோ, பிரெஷ்ஷா, வெரோனா பக்கத்துக் குழந்தைகளுக்கு 13-ஆம் தேதியே புனித லூசியா பரிசுகளைக் கொண்டுவந்துவிடுகிறார். இதற்கெல்லாம் செலவுக்கு என்ன வழி என்றால், டிசம்பரில் சட்டப்படி பதின்மூன்றாம் மாதச் சம்பளம் கைக்கு வருகிறது. அமெரிக்காவிலோ, தனியார் ஊழியருக்குப் பண்டிகை நாளில் சம்பளத்துடன் விடுப்பு அளித்தாக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவிழிப்பு இரவில் ஏழு வகை மீன் விருந்து உண்டா என்று புதிதாக வரும் அமெரிக்கர்கள் தவறாமல் கேட்கிறார்கள். ஏழு என்ற கணக்கு நம் ஊர் இத்தாலிய அமெரிக்கர்கள் வளர்த்தது. இங்கே பலருக்கு அது புதுச் செய்தி. வழக்கப்படி சுத்தபோசனம் என்பதால் இறைச்சி இல்லை, மீன் உண்டு, எண்ணிக்கை அவரவர் வசதி. நேப்பிள்ஸில் விலாங்கு மீனும் உப்பிட்ட காட் மீனும் இல்லாமல் அந்த இரவு கழியாது. பொலோஞ்ஞாவில் எல்லாருடைய மனமும் மறுநாள் மதியத்துக்கான, பூரணம் வைத்த சிறு பாஸ்தாவான தோர்த்தெல்லினி மீதுதான் இருக்கும். பன்றியிறைச்சி, புரொஷூட்டோ, மொர்த்தடெல்லா, பார்மிஜானோ சீஸ், முட்டை, ஜாதிக்காய் என்று அதன் பூரணத்துக்கான செய்முறையை 1974-இல் வணிகச் சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். என் மாமியார் மாவுச் சதுரத்தில் பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, விரலில் சுற்றி முனைகளைக் கிள்ளி ஒட்டுவார். நான் செய்தவற்றைத் தனித் தட்டில் வைப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். சாப்பாடு முடிந்தால் தொம்போலா ஆட்டம். 1 முதல் 90 வரை எண்களை அழைக்க அழைக்க, ஆரஞ்சுத் தோல் துண்டுகளால் அட்டையை மூடிக்கொண்டு போவார்கள். தெற்கிலிருந்து வந்த உறவினர் இருந்தால், 25 வந்ததும் "கிறிஸ்துமஸ்" என்றும், 90 வந்ததும் "பயம்" என்றும் கூவுவார்.

இங்கே குடும்பம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கிறிஸ்துமஸ் உன் வீட்டாருடன், ஈஸ்டர் நீ விரும்பியவருடன் என்பது இவர்கள் பழமொழி. 25-ஆம் தேதி மதியம் கடைகள் மூடி, பேருந்துகள் குறைந்து, சன்னல்களுக்குப் பின்னால் மட்டும் சத்தம் கேட்கும். தனி ஆளுக்கு அந்த மதியம் மிக நீளமானது. என் யோசனையின் மையமே இதுதான். இத்தாலியக் கிறிஸ்துமஸ் மேசையில் வெளியாள் தானாகச் சென்று உட்கார முடியாது, அழைக்கப்பட வேண்டும். தேங்க்ஸ்கிவிங்கில் நாம்தான் வீட்டுக்காரர்கள். நவம்பரில் நம் மேசையில் உண்டவர், டிசம்பரில் நம்மைத் தனியே விடுவது அரிது. விருந்துக் கடனை இவர்கள் மறப்பதில்லை. திருமணத்துக்கு முன் எனக்குக் கிடைத்த முதல் கிறிஸ்துமஸ் அழைப்பு, என் வான்கோழியைச் சாப்பிட்ட மேல்மாடி அம்மையாரிடமிருந்து வந்தது.

இன்னொன்று, அமெரிக்க நிறுவனங்களுக்கு இங்கிருந்து வேலை செய்பவர்களுக்கு. டிசம்பர் 26 புனித ஸ்தேவான் திருநாளும், பெஃபானா கிழவி குழந்தைகளின் காலுறைகளில் இனிப்பு வைக்கும் ஜனவரி 6-உம் இங்கே அரசு விடுமுறைகள். பெஃபானா விடுமுறையை 1977-இல் அரசு நீக்கியது. 1985-இல் திரும்பத் தந்தது. நியூயார்க்கில் இருக்கும் மேலாளருக்கு இவை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் ஒப்பந்தம் இத்தாலியச் சட்டப்படி என்றால், இரண்டு தேதிகளையும் நவம்பரிலேயே அவருடைய நாள்காட்டியில் ஏற்றிவிடுங்கள். வான்கோழிக்குச் சொல்லி வைக்கும் அதே வாரத்தில் செய்தால் மறக்காது.