எத்தனை விசில்?

வேலை மாற்றலாகி ஊட்டிக்குப் போன மகள், குடிபோன மூன்றாம் நாளே தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மா, பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. எத்தனை விசில் வைக்க வேண்டும்?" நாலு என்றேன். மறுநாளும் பருப்பு நறுக்கு நறுக்கென்றுதான் இருந்ததாம். ஆறு என்றேன். அன்றைக்குத் தண்ணீரெல்லாம் ஆவியாகி அடிபிடித்துவிட்டது.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. முப்பது வருடமாக யார் கேட்டாலும் விசிலில்தான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். அரிசிக்கு மூன்று, பருப்புக்கு நாலு, கொண்டைக்கடலைக்கு ஏழு. நாத்தனார், எதிர்வீட்டுப் பெண், அலுவலகத் தோழி என்று எத்தனை பேருடைய சாம்பாரைக் கெடுத்தேனோ, அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என் கட்சி இதுதான்: விசில் ஓர் அளவே அல்ல. குக்கருக்குள் அழுத்தம் தேவைக்கு மேல் போனால், மிச்ச நீராவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது. அந்தச் சத்தம்தான் விசில். தீ அதிகமாக இருக்கிறது, குறை என்று குக்கர் போடும் கூச்சல் அது. நாமோ குறைக்காமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நிற்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். அரைத் தம்ளர் துவரம்பருப்பு, ஒன்றரைத் தம்ளர் தண்ணீர், மூன்று லிட்டர் குக்கர். முதல் ஈடு பெரிய அடுப்பில், முழுத் தீயில். முதல் விசிலுக்கும் நான்காவதற்கும் இடையில் முழுதாக மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாம் ஈட்டில் முதல் விசில் வந்ததுமே தீயைச் சிறுக்கவிட்டு எட்டு நிமிடம் வைத்தேன். அதன்பிறகு அது ஒரு முறைகூடக் கூவவில்லை. இரண்டையும் ஆவி தானாக அடங்கிய பிறகே திறந்தேன். முதல் ஈட்டில் பருப்பு முழுசு முழுசாக, நடுவில் வெள்ளைப் பொட்டோடு நின்றது. இரண்டாவதைக் கரண்டியின் முதுகால் ஓர் அழுத்து அழுத்தினேன், வெண்ணெயாகக் குழைந்துவிட்டது. நாலு விசிலில் வேகாதது ஒரு விசிலில் வெந்திருக்கிறது!

வெயிட்டின் கனம் உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. வழக்கமான வீட்டுக் குக்கரில் அது வெளிக்காற்றைவிட சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ கூடுதல். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரி வரை சூடேறும். அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதில்தான் வேக்காடு இருக்கிறது. தீயைக் கூட்டினால் உள்ளே சூடு ஏறாது. ஆவிதான் வீணாகும், கேஸும்தான். பரணில் கிடந்த குக்கர் புத்தகத்தைத் தேடியெடுத்துப் பார்த்தேன். அதிலும் எல்லாம் நிமிடக் கணக்குதான். வாங்கிய அன்றே படித்திருக்கலாம்.

என் பாட்டிக்கு இந்தக் குழப்பமே கிடையாது. வெண்கலப் பானையில் உலை வைத்து, பருப்போடு மஞ்சள்தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு, அவ்வப்போது ஒரு பருப்பை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கிப் பார்ப்பாள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது திறந்த பானைக்குச் சொன்னது. மூடி போட்டுப் பூட்டிய பாத்திரத்தில் எதை எடுத்து நசுக்குவது? விரல் போன இடத்தில் காது வந்து உட்கார்ந்துவிட்டது. (அந்தச் சொட்டு எண்ணெயை மட்டும் மறக்காதீர்கள். நுரை அடங்கும். பருப்பென்றால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். மேடையெல்லாம் மஞ்சளாகப் பொங்கி வழிவதற்கு இந்த இரண்டிலும் தவறுவதுதான் பெரும்பாலும் காரணம்.)

ஊட்டிக்கு வருகிறேன். அது கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குக்கர் இருந்தாலும் இதிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. வெயிட் வெளிக்காற்றுக்கு மேல்தான் தன் பங்கைச் சேர்க்கிறது; மலையில் அந்த வெளிக்காற்றே மெலிந்தது. ஆகவே உள்ளேயும் நாலு டிகிரி போலக் குறையும். மகளிடம் பருப்பை அரைமணி ஊறவைத்து, முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் பத்து நிமிடம் வை என்றேன். இரண்டு நாளாகத் தொலைபேசி வரவில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் விசில்மேல் போடவும் முடியாது. பருப்பு, காய், தக்காளி, புளிக்கரைசல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடும் "ஒரே குக்கர் சாம்பார்" காணொளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பருப்பின் செல் சுவர்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பருப்பு குழையும். புளிப்பு அதைக் கரையவிடாது. பருப்பு குழைந்த பிறகு புளியை ஊற்றுங்கள், அவ்வளவுதான். இதே குணம் காய்க்கு நல்லது. பூசணித் துண்டைப் புளித்தண்ணீரில் வேகவைத்தால் கரையாமல் தான் பூசணி என்று தெரியும்படி நிற்கும்.

தண்ணீரும் ஒரு காரணம். புறநகரில் இந்த அடுக்குமாடிக்கு வந்த புதிதில், பழைய வீட்டில் வெண்ணெயாக வெந்த அதே பருப்பு இங்கே முரண்டு பிடித்தது. இங்கே ஆழ்குழாய்த் தண்ணீர். வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும் கால்சியமும் மெக்னீசியமும் பெக்டினை இன்னும் இறுக்கிவிடுகின்றன. பருப்புக்கும் கடலைக்கும் மட்டும் கேன் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சரியாகிவிட்டது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டாலும் வேகும்தான். ஆனால் பருப்பில் இருக்கும் பி1 வைட்டமினை அது அழிக்கும், கூடினால் சோப்பு வாடையும் அடிக்கும். நான் போடுவதில்லை.

உப்புப் போட்டால் கடலை வேகாது என்று என் மாமியார் சொல்வார். நானும் வெகுகாலம் நம்பினேன். உண்மை நேர்மாறு. கொண்டைக்கடலையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சோடியம் உள்ளே புகுந்து கால்சியத்தை வெளியேற்றுகிறது. தோல்கூட மெத்தென்று வேகிறது. இரவு படுக்கப்போகும்போது இரண்டு தம்ளர் தண்ணீருக்கு ஒரு சிறு கரண்டி கல்லுப்பு போட்டுவிடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் இருபது நிமிடம்.

இத்தனையும் செய்தும் வேகாத பருப்பு ஒன்று உண்டு. அதுதான் பழம்பருப்பு. வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் கிடந்தால் பருப்பு உள்ளுக்குள்ளேயே இறுகிவிடும். பிறகு எந்தத் தீக்கும் மசியாது. போன தீபாவளிக்குத் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஐந்து கிலோ வாங்கினேன். இன்னும் இரண்டு கிலோ டப்பாவில் இருக்கிறது. வேகவைத்தால்தானே வம்பு, ஊறவைத்து அரைத்துவிட்டால்? திங்கட்கிழமை அடை. புதன்கிழமை பீன்ஸ் பருப்புசிலி. நேற்று மறுபடியும் அடை. என் கணவர் தட்டைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வெல்லம் எங்கே என்று மட்டும் கேட்டார்.