பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்க

(சென்னையில், மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலைக்கு உள்ளே ஒரு தெரு. நாகலிங்கம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வயது 71. 1991-ல் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போனார். இப்போது நான்கு படி இறங்கிப் போகிறார். வீடு நகரவில்லை, ரோடுதான் வளர்ந்துவிட்டது. எதிரே 14 மாடிக் கட்டடத்திலிருந்து கார்த்திக் ஒரு ஃபைலோடு வருகிறார். குடிவந்து எட்டு மாதம்.)

கார்த்திக்: அங்கிள், உள்ளே வரலாமா?

நாகலிங்கம்: இறங்கி வாங்க தம்பி. கடைசிப் படி பாதிதான் இருக்கும், பார்த்து.

கார்த்திக்: ரோடு ஏன் இவ்வளவு உயரமாக இருக்கிறது?

நாகலிங்கம்: பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-ல் உத்தரவே வந்தது. எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. உட்காருங்க.

கார்த்திக்: சுவரில் பென்சில் கோடு, தேதி எல்லாம் இருக்கிறதே. பேரப்பிள்ளை வளர்த்தியா?

நாகலிங்கம்: விரிசல் வளர்த்தி. உங்கள் கட்டடத்துக்குப் பைலிங், அதுதான் அஸ்திவாரத் தூணை மண்ணுக்குள் அடித்தபோது ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் எங்கே வரை வந்தது என்று குறித்து வைத்தேன். நல்ல ஆரோக்கியமான விரிசல், மூன்று மாதத்தில் ஜன்னலைத் தொட்டுவிட்டது.

கார்த்திக்: சாரி அங்கிள். நான் வந்ததும் அந்த மாதிரி விஷயத்துக்குத்தான். பக்கத்துக் காலி இடத்தில் 22 மாடி வரப்போகிறதாம், தெரியுமா?

நாகலிங்கம்: தெரியுமே. போன வாரம் பூஜை போட்டார்கள். எனக்கும் ஒரு டப்பா கேசரி வந்தது.

கார்த்திக்: வாங்கிக்கொண்டீர்களா!

நாகலிங்கம்: உங்கள் கட்டடப் பூஜைக்கும் வாங்கினேன். அதில் முந்திரி இருந்தது.

கார்த்திக்: விளையாட்டில்லை அங்கிள். இந்தப் பகுதியில் காலங்காலமாக இருக்கிற நாம் எல்லாரும் சேர்ந்து எதிர்க்க வேண்டும்.

நாகலிங்கம்: காலங்காலமாக?

கார்த்திக்: எட்டு மாதம் ஆகிறதே.

நாகலிங்கம்: என் ரேஷன் கார்டில் முகவரி மாற்றவே அதைவிட அதிக நாள் ஆயிற்று. சரி, மனுவைப் படிங்க. என் கண்ணாடி உள்ளே இருக்கிறது.

கார்த்திக்: "ஐயா, எங்கள் பகுதியில் வரவிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பால் நிலத்தடி நீர் அடியோடு வற்றிப்போகும்."

நாகலிங்கம்: ம். அடுத்து "இரவு பகலாக லாரிகள்" என்று வரும்.

கார்த்திக்: "இரவு பகலாக லாரிகள் வந்து போவதால்..." உங்களுக்கு எப்படித் தெரியும்?

நாகலிங்கம்: அப்புறம் "குழந்தைகளும் முதியோரும்". அதற்கும் அப்புறம் மழைநீர்.

கார்த்திக்: எங்கள் வாட்ஸப் குரூப்பில் இருக்கிறீர்களா?

நாகலிங்கம்: (கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுக்கிறார்) இந்தாங்க. 2021 ஆகஸ்ட். உங்கள் கட்டடத்துக்கு எதிராக நான் எழுதியது. மாடி எண்ணிக்கை 14 என்று இருக்கும், அதை 22 ஆக்கி, என் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்க. டைப்பிங் கூலி மிச்சம்.

கார்த்திக்: (படித்துவிட்டு) இதற்கு என்ன பதில் வந்தது?

நாகலிங்கம்: "உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று வந்தது. உரிய அலுவலகத்தில் கேட்டேன். அவர்கள் அனுப்பிய இடம்தான் உரியது என்றார்கள்.

கார்த்திக்: நம் மனுவில் புதுப் பாயின்ட் இருக்கிறது. வியூ! என் பால்கனியிலிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலம் அப்படியே தெரியும். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்த்த இடம், 1,200 ஹெக்டேருக்கு மேல். அதைச் சொல்லித்தான் சதுர அடிக்கு 400 ரூபாய் கூட வாங்கினார்கள்.

நாகலிங்கம்: அதில் கூழைக்கடாவுக்கு ஏதாவது பங்கு போயிற்றா?

கார்த்திக்: அங்கிள்!

நாகலிங்கம்: இல்லை தம்பி, அது எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் பறந்து போகும். துணி காயப்போடும்போது பார்ப்போம். அதற்கு வியூ என்று பெயர், காசு வாங்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கார்த்திக்: சதுப்புநிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புது அனுமதி தரக் கூடாது, எல்லையை அளந்து முடிக்கும் வரை என்று 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதே. அதைப் பிடித்துக்கொள்ளலாமா?

நாகலிங்கம்: இங்கிருந்து அது இரண்டு ஸ்டேஜ் தள்ளி. ஒரு கிலோமீட்டருக்குள் வராது. முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவன் சொல்கிறேன்.

கார்த்திக்: அப்படியென்றால் நிலத்தை வைத்துப் பேசலாம். நானும் இங்கே நிலச் சொந்தக்காரன். யூ.டி.எஸ். 410 சதுர அடி இருக்கிறது.

நாகலிங்கம்: எங்கே இருக்கிறது?

கார்த்திக்: எங்கே என்று சொல்ல முடியாது. பிரிக்கப்படாத பங்கு. கட்டடம் நிற்கிற மொத்த இடத்திலும் கலந்து இருக்கும்.

நாகலிங்கம்: எங்கும் இருக்கும், எதிலும் இருக்கும், இதோ என்று காட்ட முடியாது. இதற்கா 20 வருஷம் இ.எம்.ஐ.? கோயிலுக்குப் போனால் சும்மாவே கும்பிடலாமே.

கார்த்திக்: பார்க் கூட இருக்கிறது அங்கிள்.

நாகலிங்கம்: அதைப் பற்றி எனக்கும் தெரியும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் இடம் என்றால் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் பில்டரும் கொடுத்திருக்கிறார். நானும் பொதுவில் ஒருத்தன்தானே என்று ஒரு நாள் சாயங்காலம் போனேன். செக்யூரிட்டி பெயர், செல்நம்பர், யாரைப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதச் சொன்னார். "வேப்பமரத்தை" என்று எழுதினேன்.

கார்த்திக்: விட்டாரா?

நாகலிங்கம்: மரத்துக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும் என்றார்.

கார்த்திக்: அசோசியேஷனில் பேசுகிறேன். ஆனால் மழை விஷயத்தில் நாங்கள் கெட்டி. 2023 டிசம்பர் புயலில் பள்ளிக்கரணையே படகில் போனது. எங்கள் சைட்டில் ஒரு சொட்டு நிற்கவில்லையாம். மண் கொட்டி ஐந்தடி மேடேற்றியிருந்தார்கள்.

நாகலிங்கம்: அந்த ஐந்தடித் தண்ணீர் எங்கே போயிருக்கும்?

கார்த்திக்: எங்கே?

நாகலிங்கம்: நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த நாற்காலி மிதந்தது. நானும் வீட்டுக்காரியும் மூன்று நாள் மாடிப் போர்ஷனில் இருந்தோம். இப்போது 22 மாடிக்காரர் ஏழடி மேடேற்றுகிறாராம்.

கார்த்திக்: (எழுந்து) ஏழடியா? எங்கள் பேஸ்மென்ட்டில் கார் நிற்கிறதே!

நாகலிங்கம்: உட்காருங்க. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கார்த்திக்: என்ன அநியாயம் இது! இடம் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, சாக்கடை இருக்கிறதா என்று பார்க்காமல் ஆளைக் கொண்டுவந்து அடைத்தால்?

நாகலிங்கம்: பஸ்ஸில் கீழே நிற்கிற வரைக்கும் "உள்ளே நகருங்க, உள்ளே நகருங்க" என்று கத்துவார் ஒருத்தர். படியில் ஒரு கால் வைத்ததும் என்னைப் பார்த்து, "இடமே இல்லை, விசில் கொடுங்க" என்பார். தினமும் ஒருத்தர். பல நாள் அதே ஆள்.

கார்த்திக்: என்னைத்தானே சொல்கிறீர்கள்?

நாகலிங்கம்: பொதுவாகச் சொன்னேன். எனக்கும் ஆதாயம் இல்லாமல் இல்லை. மாடிப் போர்ஷன் 6,000 ரூபாயிலிருந்து 14,000 ஆயிற்று. அதில் இருந்த இஸ்திரிக்காரர் குடும்பம்தான் கட்டுப்படியாகாமல் கண்டிகைப் பக்கம் போய்விட்டது. இப்போது என் சட்டையைப் பாருங்க.

கார்த்திக்: நீங்கள்தானே வாடகையை ஏற்றினீர்கள்?

நாகலிங்கம்: மனுவைக் கொடுங்க, கையெழுத்துப் போடுகிறேன்.

கார்த்திக்: இருங்க, பெட்டியில் அடியில் இன்னொரு பேப்பர் இருக்கிறதே. கைநாட்டு வைத்து.

நாகலிங்கம்: அது பழசு. உள்ளே வையுங்க.

கார்த்திக்: (படிக்கிறார்) "1991. எங்கள் நெல் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். கண்டக்டர் ஒருவர் குறுக்கே கடைக்கால் தோண்டியிருக்கிறார்..." கண்டக்டரா?

நாகலிங்கம்: அந்தக் காலத்தில் நிறையக் கண்டக்டர் இருந்தார்கள்.

கார்த்திக்: மனை எண் 4 என்று இருக்கிறது. உங்கள் வீட்டு நம்பர்?

நாகலிங்கம்: மோர் சாப்பிடுகிறீர்களா?

கார்த்திக்: அங்கிள்.

நாகலிங்கம்: நாலுதான். நல்ல மனுஷன் அவர். எருமைப் பால் அவரிடம்தான் வாங்கினோம். கண்டக்டர் நான்தான் என்று தெரியாமல் என்னிடமே கையெழுத்துக் கேட்டு வந்தார். யூனிபாரம் போடாத நாள்.

கார்த்திக்: போட்டீர்களா?

நாகலிங்கம்: நிலைவாசல் வைத்து நாலு நாள் ஆகியிருந்தது. எப்படிப் போடுவேன்? யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்தேன்.

கார்த்திக்: இன்னுமா யோசிக்கிறீர்கள்?

(வெளியே 'டங்' என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. மோர்ச் செம்பு நடுங்குகிறது.)

கார்த்திக்: என்ன அது?

நாகலிங்கம்: பைலிங். ஆரம்பித்துவிட்டார்கள். (எழுந்து சுவரருகே போய் விரிசல் முடியும் இடத்தில் கோடு போடுகிறார்.) இன்று தேதி என்ன?

கார்த்திக்: பதினேழு. அங்கிள், இது எங்கள் ஒன்பதாவது மாடி வரைக்கும் வருமா?

(மறுபடி 'டங்'. நாகலிங்கம் பென்சிலை இரண்டாக ஒடித்து, கூர் இருக்கும் பாதியை நீட்டுகிறார்.)

நாகலிங்கம்: மணியையும் சேர்த்து எழுதுங்க. நான் 2021-ல் அதை விட்டுவிட்டேன்.